வரைபடத்தில் பச்சை, தரையில் உயிர்: பசுமை உட்கட்டமைப்பைத் திட்டமிடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகரத் திட்ட வரைபடத்தில் பூங்கா, ஏரிக்கரை, சாலையோர மரவரிசை, கோல்ஃப் மைதானம் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சையைத்தான் தீட்டுவார்கள். அந்தப் பச்சைக்குள் என்ன வாழ்கிறது என்று வரைபடம் கேட்பதில்லை. அதைக் கேட்டுக்கொண்டே திட்டமிட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் புதிதாக வேலையில் சேர்ந்த நகரமைப்பாளராக இருக்கலாம், ஒரு வளாகத்தை வடிவமைக்கும் கட்டடக் கலைஞராக இருக்கலாம், உள்ளாட்சி உறுப்பினராகவோ தங்கள் பகுதி ஓடைக்காக மனு எழுதப் போகும் குடியிருப்போர் சங்கத்தைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம்.

பசுமை உட்கட்டமைப்பு என்றால் என்ன? காடு, ஏரி, ஓடை, புல்வெளி, பூங்கா, மரவரிசை, மழைநீர் வாய்க்கால், பசுமைக் கூரை ஆகியவற்றைத் தனித்தனி அலங்காரமாக விடாமல், சாலையையும் குடிநீர்க் குழாயையும் திட்டமிடுவதைப் போல ஒரே வலைப்பின்னலாகத் திட்டமிட்டுப் பராமரிப்பது. வெள்ளத்தைத் தாங்குவது, வெப்பத்தைத் தணிப்பது, மக்கள் நடக்க நிழல் தருவது, உயிரினங்களுக்கு இடம் தருவது என்று பல வேலைகளை ஒரே நிலத்திடம் கேட்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்று 2013இல் தனி உத்தி வகுத்தது. 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்ற பல்லுயிர்ச் சட்டகத்தின் 12ஆவது இலக்கு, நகரங்களின் பசுமைப் பரப்பையும் நீர்ப்பரப்பையும் பற்றியது. அந்த இலக்கு பரப்பளவோடு நிற்கவில்லை. தரத்தையும் தொடர்ச்சியையும் சேர்த்தே கேட்கிறது.

பெரும்பாலான திட்டங்கள் மரம் நடும் விழாவில் தொடங்குகின்றன. நான் சொல்லும் வரிசையில் நடுவது கடைசி வேலைகளில் ஒன்று. இங்கிலாந்தில் சூழலியலாளர் ஜான் லாட்டன் தலைமையிலான குழு 2010இல் அரசுக்குக் கொடுத்த பரிந்துரையும் ஏறக்குறைய இதே வரிசைதான்: இருக்கும் வாழிடங்களின் தரத்தை உயர்த்து, அவற்றைப் பெரிதாக்கு, ஒன்றோடொன்று இணை, அதன் பிறகு புதியவற்றை உருவாக்கு. கீழே உள்ள படிகளை அந்த ஒழுங்கில் அமைத்திருக்கிறேன்.

1. யாருக்காக என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"பல்லுயிர்ப் பெருக்கத்தை மேம்படுத்துதல்" என்று திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் அதைச் சரிபார்க்கவும் முடியாது. அதற்குப் பதிலாக நான்கைந்து உயிரினங்களையோ உயிரினக் கூட்டங்களையோ தேர்ந்தெடுங்கள். ஒன்று மரப்பொந்தில் கூடு வைப்பதாக இருக்கட்டும். ஒன்று தரையில் முட்டையிடுவது, ஒன்று நீரிலும் நிலத்திலும் மாறி மாறி வாழ்வது, ஒன்று பூவைத் தேடி வருவது, ஒன்று இரவில் மட்டும் நடமாடுவது. இவை ஐந்துக்கும் தேவையானதைச் செய்து கொடுத்தால் பெயர் எழுதாத பலவும் கூடவே வந்து சேரும்.

ஒரே நிலத்தின் நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். வெள்ளநீரை வேகமாகக் கடத்த வேண்டும் என்றால் கரை வழுவழுப்பாக இருக்க வேண்டும். தவளைக்கும் தும்பிக்கும் சொரசொரப்பான, செடி மண்டிய கரை வேண்டும். ஓடுபாதைக்கு இரவெல்லாம் விளக்கு வேண்டும். வௌவாலுக்கு இருட்டு வேண்டும். எங்கே எது முதலிடம் பெறும் என்று இடம் இடமாக முடிவெடுத்து எழுதி வைக்காவிட்டால், கட்டுமானம் தொடங்கிய பிறகு ஒப்பந்ததாரர்தான் அந்த முடிவை எடுப்பார்.

2. இருப்பதை எண்ணுங்கள்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். அவசரப்படுபவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

மேசையில் செய்யும் வேலை முதலில். செயற்கைக்கோள் படங்கள், பழைய நில அளவை வரைபடங்கள், மண் வரைபடம், உயரக்கோட்டு வரைபடம் ஆகியவற்றைச் சேகரியுங்கள். க்யூஜிஐஎஸ் போன்ற இலவசப் புவித் தகவல் மென்பொருளில் அடுக்கடுக்காகப் போட்டுப் பாருங்கள். பழைய வரைபடத்தில் ஓடை ஓடிய இடத்தில் இன்று தெரு இருக்கலாம்; மழைக் காலத்தில் தண்ணீர் அந்தப் பழைய வழியைத்தான் தேடி வரும். வடிகாலுக்கும் உயிரினங்கள் இடம்பெயரும் வழித்தடத்துக்கும் ஒரே நேரத்தில் விடை தரக்கூடிய இடம் அது.

ஐநேச்சுரலிஸ்ட், இ-பேர்ட் போன்ற தளங்களில் பொதுமக்கள் பதிந்த தரவு நிறையக் கிடைக்கும். பயன்படுத்துங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மக்கள் எங்கே போகிறார்களோ அங்கேதான் பதிவு இருக்கும். பறவைகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் பதிவுகள் குவிந்திருக்கும். நத்தைக்கும் சிலந்திக்கும் பாசிக்கும் மிகக் குறைவாகவே இருக்கும். வரைபடத்தில் ஒரு மூலை வெறுமையாக இருந்தால், அங்கே உயிர் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

பிறகு களம். ஒரே ஒரு முறை போய்விட்டு வந்தால் போதாது. மழைக்கு முன்னும் பின்னும், வலசைப் பருவத்தில், அதிகாலையில், இருட்டிய பிறகு என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். பகலில் வெறும் புதராகத் தெரிந்த இடத்தில் இரவில் பாம்பும் ஆந்தையும் அந்துப்பூச்சியும் நடமாடும். வயதான மரங்களைத் தனியாகக் குறியுங்கள்: தண்டின் விட்டம், பொந்து உண்டா, பட்ட கிளை உண்டா. ஒரு மரத்தில் பறவை தங்கும் அளவுக்குப் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று நடும் கன்று அந்த வேலையை நம் பணிக்காலத்துக்குள் செய்யப் போவதில்லை.

தரிசு, பொட்டல், பயனற்ற நிலம் என்று பதிவேட்டில் எழுதப்பட்ட இடங்களைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். இயற்கையான புல்வெளியும் முட்புதர்க் காடும் பருவத்துக்கு மட்டும் நீர் நிற்கும் பள்ளமும் இந்தப் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும். திறந்த வெளியில் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு மரம் நட்டுக் கொடுப்பது உதவி ஆகாது, வெளியேற்றம் ஆகும். புல்வெளியைக் காடாக்கும் திட்டங்களைப் பாதுகாப்பு என்ற பெயரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். மரத்தின் மீதுள்ள நம் பாசம் சில வேளைகளில் கண்ணை மறைத்துவிடுகிறது.

3. பெரிய துண்டை உடைய விடாதீர்கள்

சூழலியலாளர்கள் ராபர்ட் மெக்கார்தரும் எட்வர்ட் வில்சனும் 1967இல் முன்வைத்த தீவு உயிர்ப்பரவல் கோட்பாடு இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. பெரிய தீவில் இனங்கள் அதிகம். பெருநிலத்துக்கு அருகில் உள்ள தீவுக்குப் புதிய வரவுகள் அதிகம். கட்டடங்களுக்கு நடுவே சிக்கிய ஒரு தோப்பும் ஏறக்குறைய தீவுதான், சுற்றிலும் கடலுக்குப் பதில் கான்கிரீட். கடலைப் போல அது முழுத் தடையாக இருப்பதில்லை என்பதால் கோட்பாட்டை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் திட்டமிடும்போது கையில் பிடித்துக்கொள்ள அது நல்ல தொடக்கம்.

அளவோடு வடிவமும் முக்கியம். விளிம்பில் வெயிலும் காற்றும் இரைச்சலும் அயல் களைகளும் உள்ளே நுழையும். இந்த விளிம்பு விளைவு எத்தனை மீட்டர் உள்ளே போகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காக 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள ஒரு ஹெக்டேர் தோப்பில் நான்கு பக்கமும் 20 மீட்டர் போனால் நடுவில் 60க்கு 60, அதாவது 3,600 சதுர மீட்டர் மிஞ்சும். அதே ஒரு ஹெக்டேரை 400 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலத்தில் பட்டையாக ஒதுக்கினால் உட்பகுதி என்று எதுவுமே மிஞ்சாது. திட்ட அறிக்கையில் இரண்டும் "ஒரு ஹெக்டேர் பசுமை" என்றே பதிவாகும். லேஅவுட்டின் ஓரங்களில் வெட்டி எறிந்த துண்டுகளையெல்லாம் கூட்டிப் பசுமைக் கணக்கு காட்டும் வழக்கத்தைக் கேள்வி கேட்க இந்தச் சின்னக் கணக்கு போதும்.

ஆகவே வரைபடத்தில் முதலில் மையப் பகுதிகளைக் குறியுங்கள்: தொட வேண்டாத, நடுவே பாதையோ குழாயோ போகக் கூடாத இடங்கள். அவற்றைச் சுற்றி ஒரு காப்பு வளையம்: நடைபாதை, விளையாட்டுத் திடல், குறைந்த உயரக் கட்டடம் போன்றவை வரலாம். மக்கள் நடமாட்டத்தை முற்றாகத் தடுத்தால் அந்த இடத்துக்காகப் பேச ஆளே இருக்க மாட்டார்கள் என்பதால் வளையத்தில் தாராளமாக இருங்கள், மையத்தில் கறாராக இருங்கள். சிறிய துண்டுகளை வீணென்று தள்ளிவிடவும் வேண்டாம். அரிய செடி ஒன்று ஒரு பாறை இடுக்கில் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த இடுக்குக்குப் பரப்பளவைக் காரணம் காட்டி மதிப்பெண் குறைக்க முடியாது.

கட்டுமானம் நடக்கும்போது மரத்தைக் காப்பது பெரும்பாலும் வேரைக் காப்பதுதான். பிரிட்டனில் பின்பற்றும் தரநிலைப்படி, தண்டு விட்டத்தின் 12 மடங்கை ஆரமாகக் கொண்ட வட்டம் வேர்ப் பாதுகாப்புப் பகுதி. 50 சென்டிமீட்டர் தண்டு என்றால் ஆறு மீட்டர் ஆரம். ஜேசிபி வருவதற்கு முன்பே அந்த வட்டத்துக்கு வேலி போட வேண்டும். சிமென்ட் மூட்டைகளை அடுக்க நிழலான இடம் என்று அதே வட்டத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

4. இணையுங்கள், ஆனால் யாருக்கு என்று கேட்டுவிட்டு

துண்டுபட்ட வாழிடங்களில் மிஞ்சும் சிறு கூட்டங்கள் ஒரு வறட்சியிலோ நோயிலோ அழிந்துபோகும். பக்கத்துத் துண்டிலிருந்து வந்து நிரப்ப வழி இருந்தால் அந்த இடம் மீண்டும் உயிர்பெறும்; மரபணுக் கலப்பும் நடக்கும். வழித்தடத்தின் வேலை இதுதான்.

எல்லோருக்கும் பொருந்தும் வழித்தடம் என்று ஒன்று கிடையாது. பறவைக்கு வழியில் தங்க ஆங்காங்கே சில மரங்கள் இருந்தால் போதும். மரத்தை விட்டு இறங்காத விலங்குக்குக் கிளையோடு கிளை தொட வேண்டும், அல்லது சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் வேண்டும். தவளைக்கு ஈரமான தரை வேண்டும். நத்தைக்கு ஆறு மீட்டர் தார்ச்சாலையே பெரும் தடை. வௌவாலுக்கு இருளே வழித்தடம். நடுவே ஒரு சோடியம் விளக்குக் கம்பம் நின்றால் சில இனங்கள் அந்தப் பக்கமே வராது. முதல் படியில் எழுதிய ஐந்து பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி தேடிப் பாருங்கள். வழி எங்கே அறுகிறதோ அந்த இடத்தைக் குறியுங்கள். பெரும்பாலும் சாலை, சுவர், குழாய்ப் பாலம் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்) இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவை இத்துறையில் உள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டுவதற்குக் காரணம் உண்டு. அங்கே நாட்டின் முக்கிய நெடுஞ்சாலை பூங்காவைக் குறுக்கே வெட்டுகிறது. அதன் குறுக்கே ஆறு மேம்பாலங்களும் 38 சுரங்கப் பாதைகளும் விலங்குகளுக்காகக் கட்டப்பட்டன. சாலையின் இருபுறமும் வேலி போடப்பட்டது. விலங்குகள் வாகனங்களில் அடிபடுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. புதியவர்கள் அங்கிருந்து கற்க வேண்டியவை மூன்று. பாலமும் வேலியும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. பாலம் மட்டும் கட்டிவிட்டு வேலியைப் பட்ஜெட்டிலிருந்து நீக்கினால் விலங்கு பழைய வழியிலேயே சாலையில் இறங்கும். ஓநாயும் கிரிஸ்லி கரடியும் அகன்ற, திறந்த பாதையை விரும்பின, கருங்கரடியும் மலைச்சிங்கமும் குறுகலான பாதையை விரும்பின; அதனால் ஒரே அளவில் பத்துக் கட்டுவதைவிட வெவ்வேறு அளவுகளில் கட்டுவது மேல். கிரிஸ்லி கரடிகள் பழகிக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின என்பதால் முதலாண்டுக் கணக்கை வைத்துத் தோல்வி என்று அறிவிக்கவும் கூடாது.

பெரும்பாலான ஊர்களுக்கு இத்தனை பெரிய கட்டுமானம் தேவைப்படாது. ஏற்கெனவே இருக்கும் சாலையோரக் குழாய்ப் பாலத்தில், தண்ணீர் ஓடும்போதும் நனையாமல் நடக்க ஒரு பக்கத்தில் சிறு திண்ணை வைத்தாலே சிறு பாலூட்டிகள் கடந்துபோகும். சுற்றுச்சுவரின் அடியில் ஒரு சாண் துளை விடுவதற்குச் செலவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. வழித்தடம் எல்லோருக்கும் திறந்த கதவு. உண்ணிச்செடி போன்ற அயல் தாவரங்களும் அதே வழியாகப் பரவும். இணைப்பதற்கு முன் இரு முனைகளிலும் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அகற்றுங்கள், பிறகு இணையுங்கள்.

5. தண்ணீரை மெதுவாக நடக்க விடுங்கள்

சிங்கப்பூரின் பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவின் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. கான்கிரீட்டை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஓடும் ஆறாக அதை மாற்றும் பணி 2012இல் முடிந்தது. பெருமழையில் ஆறு கரை தாண்டிப் புல்வெளியில் பரவும், பிறகு வடியும். பறவைகளும் தும்பிகளும் பெருகின, நீர்நாய்களும் வந்தன. அங்கே யாரும் நீர்நாயைக் கொண்டுவந்து விடவில்லை.

குளமோ மழைநீர்ப் பள்ளமோ வடிவமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கரை செங்குத்தாக இருந்தால் உள்ளே விழுந்த சிறு உயிர் ஏற முடியாது. குறைந்தது ஒரு பக்கமாவது சரிவாக, ஆழமில்லாமல் இருக்க வேண்டும். அந்த ஆழமில்லாத ஓரத்தில்தான் உயிர்கள் அதிகம். சாலையிலிருந்து வரும் முதல் அழுக்கு நீரை நேராகக் குளத்தில் விடாமல், வண்டலும் எண்ணெயும் தங்க ஒரு முன்தொட்டி வையுங்கள். அதைத் தூர்வார வண்டி போக வழியும் விடுங்கள். எல்லா நீர்நிலையிலும் மீன் விடாதீர்கள். மீன் இருக்கும் குளத்தில் தவளை முட்டையும் தலைப்பிரட்டையும் தப்புவது கடினம். கோடையில் வற்றிப்போகும் பள்ளம் பல தவளை இனங்களுக்குப் பொன்னான இடம். ஆகாயத்தாமரையை அழகுக்காகக் கூட விடவே கூடாது.

கொசு வருமே என்று கூட்டத்தில் நிச்சயம் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி, சமாளித்துவிட்டுப் போகாதீர்கள். நீர் உறிஞ்சும் பள்ளங்களை 48 மணி நேரத்துக்குள் வடியும்படி வடிவமைத்தால் கொசுப்புழு முழுதாக வளரவே நேரம் இருக்காது. நிரந்தரக் குளங்களில் தும்பியின் இளம்புழுக்களும் நீர்ப்பூச்சிகளும் கொசுப்புழுவைத் தின்னும். ஆபத்து இரண்டுக்கும் நடுவே, அதாவது வடியாமலும் குளமாகாமலும் தேங்கும் அரைகுறை நீரில் இருக்கிறது. அடைத்துக்கொண்ட வடிகால் பெரும்பாலும் அந்த வகை.

6. இப்போது நடலாம்

உள்ளூர் இனங்களுக்கு முன்னுரிமை என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் என்பது பூச்சியில் இருக்கிறது. பல புழுக்கள் குறிப்பிட்ட சில தாவரங்களின் இலையை மட்டுமே தின்னும். அந்தப் புழுக்களைக் கொண்டுதான் பெரும்பாலான சிறு பறவைகள் குஞ்சு வளர்க்கின்றன. வாஷிங்டன் நகர்ப்புறத் தோட்டங்களில் கரோலைனா சிக்கடி என்னும் சிறு பறவையை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, தாவர உயிர்த்திரளில் (செடிகொடிகளின் மொத்த எடையில்) உள்ளூர் இனங்களின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பறவைக் கூட்டம் தன்னைத் தானே தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை என்று கண்டது. வேறு நிலத்தில், வேறு பறவைக்கு அந்த எண் மாறலாம். இருந்தாலும் முப்பது சதவீதத்தை அழகுக்கும் நிழலுக்கும் விட்டுக்கொடுக்கலாம் என்ற பேரத்துக்கு அது உதவும்.

பூவைப் பார்த்துச் செடி வாங்குபவர்கள் மறப்பது இதைத்தான்: வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் தரும் செடியும் வேண்டும், அதன் புழு தின்ன இலை தரும் செடியும் வேண்டும். தேன் மட்டும் இருக்கும் தோட்டத்துக்கு அது விருந்தாளியாக வந்துபோகும், குடியிருக்காது.

தெருமரங்களுக்கு அமெரிக்க மர ஆய்வாளர் ஃப்ராங்க் சான்டமூர் 1990இல் சொன்ன விதி இன்னும் பயன்படுகிறது: மொத்த மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) 20க்கு மேல் வேண்டாம், ஒரே குடும்பம் 30க்கு மேல் வேண்டாம். வட அமெரிக்காவின் பல நகரங்களில் நோயால் எல்ம் மரங்கள் செத்துப்போன இடத்தில் ஆஷ் மரங்களை வரிசையாக நட்டார்கள். 2002இல் டெட்ராய்ட் அருகே மரகத நிற வண்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதன் பிறகு ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கில் மடிந்தன. ஒரே பள்ளத்தில் இரண்டு முறை விழுந்த கதை. இந்த விதியைத் தெருமரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இயற்கையாகவே ஓரிரு இனங்கள் ஆளும் சதுப்புநிலக் காட்டுக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது.

மரம், புதர், கொடி, தரைச்செடி என்று அடுக்குகளாக நடுங்கள். புதர் அடுக்கைத்தான் பாதுகாப்பு, பார்வை மறைவு என்று காரணம் சொல்லி முதலில் வெட்டுவார்கள். பாதையோரத்தில் தாழ்வாகவும் உட்புறத்தில் அடர்த்தியாகவும் வைத்தால் இரு தரப்பும் ஒத்துப்போகலாம். பட்ட மரம் யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால் நிற்க விடுங்கள், விழுந்த கட்டையை மூலையில் கிடக்க விடுங்கள். வண்டும் பூஞ்சையும் மரங்கொத்தியும் அதை நம்பி இருக்கின்றன.

உள்ளூர்ச் செடிகள் நாற்றங்காலில் எப்போதும் தயாராக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேண்டிய இனங்களின் பட்டியலை நடவுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே கொடுத்து வளர்க்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் "இதற்குச் சமமானது" என்ற பெயரில் கிடைத்த அலங்காரச் செடி வந்து இறங்கும். ஒப்பந்தத்தில் மாற்று இனத்துக்கு எழுத்துமூல அனுமதி தேவை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

7. கூரை, கண்ணாடி, விளக்கு

பசுமைக் கூரை என்றாலே பல்லுயிர் வந்துவிடாது. மெல்லிய பாயாக ஒரே வகைச் செடியைப் பரப்பிய கூரையில் பூச்சிகள் குறைவு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் 2002 முதல் புதிய தட்டைக் கூரைகளில் பசுமையைக் கட்டாயமாக்கியது. அதோடு அந்த வட்டாரத்து மண்ணையே பயன்படுத்தச் சொன்னது, இடையிடையே 30 சென்டிமீட்டர் உயர மண்மேடுகளும் கேட்டது. ஆழம் மாறினால் செடி மாறும், செடி மாறினால் சிலந்தியும் வண்டும் மாறும். சூரிச்சில் 1914இல் கட்டிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கூரையில், சுற்றுவட்டாரப் புல்வெளி மண்ணைப் பரப்பியதால், அந்தப் பகுதியில் அருகிவிட்ட ஆர்க்கிட்கள் இன்றும் பூக்கின்றன.

பறவைகளை அழைத்துவிட்டு எதிரே கண்ணாடிச் சுவர் எழுப்பினால் அது பொறி. அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரையிலான பறவைகள் சாவதாக 2014இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் மோதல் வெகுவாகக் குறையும். மூலையில் ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பயன் இல்லை. விளக்குகளுக்கு மூன்றே விதிகள்: கீழ்நோக்கி மட்டும் வெளிச்சம், மஞ்சள் சாயல், ஆள் இல்லாத நேரத்தில் மங்கல்.

8. எண்களைக் கையாளுதல்

விதி நூலில் ஏறாத நல்ல எண்ணம் அடுத்த அதிகாரி வரும்வரைதான் நிற்கும். அதனால் எண்கள் தேவைப்படுகின்றன. பெர்லின் நகரம் 1994 முதல் பயன்படுத்தும் உயிர்ப்பரப்புக் காரணி இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அதன் தொடக்க வடிவில் மனையின் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு மதிப்பு: முழுக்க மூடிய தளத்துக்கு 0, புல் முளைக்கும் கற்பாவுக்கு (இடைவெளி விட்டுக் கல் பாவிய தரைக்கு) 0.5, பசுமைக் கூரைக்கு 0.7, நிலத்தோடு தொடர்புள்ள செடிப்பரப்புக்கு 1. ஆயிரம் சதுர மீட்டர் மனை ஒன்றை எடுங்கள். கட்டடம் 400, அதில் பாதிக் கூரை பசுமை: 200 பெருக்கல் 0.7, ஆக 140. புல் கற்பா போட்ட வாகன நிறுத்தம் 300: 150. தோட்டம் 300: 300. கூட்டினால் 590, ஆயிரத்தால் வகுத்தால் 0.59. புதிய குடியிருப்புக்கான இலக்கு 0.6. ஒரு சுவரில் 20 சதுர மீட்டர் கொடி ஏற்றினால், அதன் மதிப்பு 0.5 என்பதால், இலக்கு எட்டிவிடும்.

பார்க்க நேர்த்தியான கணக்கு, நீருக்கும் வெப்பத்துக்கும் நல்ல கருவி. ஆனால் அந்த 300 சதுர மீட்டர் தோட்டத்தில் ஒரே வகைப் புல் இருந்தாலும் நாற்பது வகைச் செடி இருந்தாலும் மதிப்பெண் ஒன்றே. பரப்பளவுக் குறியீட்டோடு வாழிடத் தரத்துக்கும் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல், பெரிய புதிய கட்டுமானங்கள் மனையில் முன்பிருந்ததைவிடப் பத்து சதவீதம் கூடுதல் மதிப்புள்ள வாழிடத்தைத் தர வேண்டும், அதை 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். அந்த 30 ஆண்டு நிபந்தனையை எனக்குப் பிடிக்கும். "இங்கே அழித்துவிட்டு வேறெங்கோ ஈடு செய்வோம்" என்ற வாசல் திறந்திருப்பதுதான் கவலை. வயதான காட்டுக்கும் பழைய புல்வெளிக்கும் எந்தப் பெருக்கல் காரணியும் ஈடாகாது. உங்கள் விதியில் ஈடு செய்யவே முடியாதவை என்று ஒரு பட்டியல் தனியாக இருக்கட்டும்.

9. பராமரிப்பு டெண்டரை நீங்களே எழுதுங்கள்

நல்ல வடிவமைப்பைக் கொல்வது பெரும்பாலும் "தூய்மைப் பணி" என்ற ஒற்றை வரிதான். மாதம் ஒருமுறை எல்லாப் புல்லையும் வெட்டு, சருகைக் கூட்டி எரி, பூச்சிக்கொல்லி தெளி என்று பழைய டெண்டரை அப்படியே நகலெடுத்துவிடுவார்கள். அதை மாற்றி எழுதுங்கள். புல்வெளியை மூன்று பகுதியாகப் பிரித்து ஒரு முறைக்கு ஒரு பகுதி மட்டும் வெட்டு. பூத்து விதை விழுந்த பிறகு வெட்டு. கூடு கட்டும் பருவத்தில் புதரைக் கழிக்காதே. சருகை மரத்தடியில் மூடாக்காகப் போடு. மருந்து தெளிக்க எழுத்துமூல அனுமதி வேண்டும். பாதையோரம் ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒழுங்காக வெட்டி, உள்ளே காடாக விடுவது ஒரு நல்ல தந்திரம். ஓரம் நேர்த்தியாக இருந்தால் உள்ளே இருப்பது வேண்டுமென்றே விடப்பட்டது என்று பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும், புகார் குறையும்.

கட்டுமானச் செலவுக்குப் பணம் எளிதாகக் கிடைக்கும், பத்தாண்டுப் பராமரிப்புக்குக் கிடைக்காது. மொத்தத் தொகை குறைவாக இருந்தால் திட்டத்தின் பரப்பைக் குறையுங்கள், பராமரிப்பு ஆண்டுகளைக் குறைக்காதீர்கள்.

மக்களோடு பேசுவதும் இந்தப் படியில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம்; முதல் படியிலிருந்தே வர வேண்டும். ஆடு மேய்த்தவர், மீன் பிடித்தவர், விறகு பொறுக்கியவர் யாரென்று கணக்கெடுப்பின்போதே கேளுங்கள். அந்தப் புல்வெளி புல்வெளியாக இருப்பதற்கே மேய்ச்சல் காரணமாக இருக்கலாம். நியூயார்க்கின் ஹைலைன் பூங்கா 2009இல் திறந்த பிறகு சுற்றுப்புறத்தில் வீட்டு விலை ஏறியது பலரும் அறிந்த கதை. பசுமை வந்ததால் வாடகை கட்ட முடியாமல் வெளியேறியவர்கள் அந்தப் பசுமையின் நண்பர்களாக இருக்க மாட்டார்கள்.

10. அளந்து பார்த்து மாற்றுங்கள்

வேலை தொடங்கும் முன் ஓராண்டாவது அடிப்படைக் கணக்கு எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் எதோடு ஒப்பிடுவீர்கள்? வேலை நடக்காத, ஒத்த தன்மையுள்ள ஓரிடத்தையும் சேர்த்தே எண்ணுங்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லா இடத்திலும் வண்ணத்துப்பூச்சி கூடும். அதை உங்கள் வழித்தடத்தின் வெற்றி என்று எழுதிவிடாமல் இருக்க அந்த ஒப்பீட்டு இடம் உதவும். ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே முறை என்று ஆண்டுதோறும் எண்ண வேண்டும். பள்ளி மாணவர்களும் தன்னார்வலர்களும் இதைச் செய்யலாம், முறை மட்டும் மாறக் கூடாது.

முதல் படியில் எழுதிய ஐந்தில் ஒன்று மூன்றாம் ஆண்டிலும் வரவில்லை என்றால் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். பக்கத்தில் எங்காவது அது இருக்கிறதா? இருக்கிறது என்றால், வழி எங்கே அறுகிறது? வழி சரியாக இருக்கிறது என்றால், வந்த இடத்தில் உண்ணவும் முட்டையிடவும் ஒளியவும் இடம் இருக்கிறதா? முதல் கேள்விக்கே இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றை எழுதுங்கள். இரண்டாவது என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். மூன்றாவது என்றால் பெரும்பாலும் புல் வெட்டும் அட்டவணையிலோ விளக்கிலோ காரணம் கிடைக்கும். இரண்டையும் மாற்ற ஒரு அலுவலக உத்தரவு போதும்.